மாப்பிள்ளைக்கு நான் செய்த மேடை

என் தங்கை புருஷன் பைக் மெக்கானிக். பதினாறு வருடம் யாரோ ஒருவருடைய பட்டறையில், தரையில் குந்தியே வேலை பார்த்து முழங்காலைத் தொலைத்தவர். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். அப்போதுதான் சொந்தமாகக் கடை போட்டிருந்தார். இனிமேல் குந்தினால் கால் அவ்வளவுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வண்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைக்க ஒரு மேடை தேவைப்பட்டது.

இரும்பு எதற்கு, நான் எதற்கு இருக்கிறேன் என்று மார்தட்டினேன். நான் தச்சன். அலமாரி செய்வதில் என்னை அடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன்.

நாலு கால், மேலே தடித்த பலகை, வண்டி ஏற ஒரு சாய்வுப் பலகை. மூன்று நாளில் முடித்தேன். மாப்பிள்ளை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காலுக்குக் கால் குறுக்காக ஒரு சட்டம் அடிக்கலாமா என்று தயங்கியபடி கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"தொழிலை எனக்கே கத்துத் தர்றீங்களா மாப்ள?"

நாலு சிமெண்ட் மூட்டையை ஏற்றி, அதன்மேல் நானும் ஏறி நின்று காட்டினேன். மேடை அசையவில்லை. 

மேடை ஏறிய முதல் வண்டி கடைக்கு எதிர்வீட்டு வாத்தியாருடையது. வேடிக்கை பார்க்க நானும் கடையில் நின்றிருந்தேன். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, பின்சக்கரத்தில் பஞ்சர். நட்டு இறுகியிருந்தது. மாப்பிள்ளை நீளமான ஸ்பேனரைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்தார். நாலு காலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து மேடை படுத்துவிட்டது. வண்டி விழுந்து டேங்க் நசுங்கியது, விளக்கு தூள் தூள். நல்லவேளை, அவர் விலகிக்கொண்டார்.

அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுசு முழுக்க நான் செய்த அலமாரிகள் எல்லாம் சுவரை ஒட்டி நிற்பவை. ஆடாமல் பிடித்துக்கொண்டது சுவர். பெருமையை மட்டும் நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சத்தம் கேட்டு வாத்தியார் ஓடி வந்தார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மேடை நல்லாத்தான் இருந்துச்சு சார். நான்தான் தப்பா இழுத்துட்டேன்."

கடை போட்ட லட்சணம் இதுதானா, இனி இந்தத் தெருவில் ஒருத்தன் உன்னிடம் வண்டி விடுவானா என்று வாத்தியார் வாய்க்கு வந்தபடி திட்டினார். மாப்பிள்ளை தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மேடை நான் செஞ்சது. மூன்றே வார்த்தைதான். அதைச் சொல்லாமல், குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிய வாத்தியார் என் முன்னால் நின்றார்.

"நீங்க செஞ்ச அலமாரி இன்னைக்கும் அசையாம நிக்குது. வீட்டுக்கு வாசக்கதவு மாத்தணும். உங்களை மாதிரி வேலை தெரிஞ்ச ஆள்கிட்டதான் நம்பிக் குடுக்க முடியும். எப்ப வர்றீங்க?"

மாப்பிள்ளை கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.

திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.