ஸ்கோப்புக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப் விற்கிறவளிடம், பன்றி தப்பித்துப் போனதற்கும் சேர்த்துத்தான் பதில் கேட்பார்கள்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் நான் லென்ஸ் சோதித்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு மலாக்கா டவுனில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு சீனர் கடையில் சேர்ந்தேன். துப்பாக்கி, லைசன்ஸ் விவகாரமெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார். துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்புகளில், உள்ளே விளக்கு எரிகிறவை மட்டும் என் பொறுப்பு. பொழுது சாயும் நேரத்தில் கறுப்புப் பன்றியின் மேல் கறுப்புக் குறி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குறியின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

டார்ச் லைட் இல்லை

செலாண்டார் பக்கம் மாணிக்கம் அண்ணன் புதிதாகச் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்று நட்டிருந்தார். பன்றிகள் வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகின்றன என்று லைசன்ஸ் எடுத்து, ஸ்கோப்பும் வாங்கிப் போனார். மூன்றாம் நாளே பெட்டியோடு வந்து நின்றார். விளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் பன்றி மேல் விழவில்லையாம்.

அது வெளியே வெளிச்சம் அடிக்காது, உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் பேட்டரி வாங்க வந்தபோது, இப்போது புள்ளி நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லாத் தெரியுதுமா. கன்னுதான் ஒண்ணும் மிச்சமில்ல."

பதினொன்றாம் நம்பர்

செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை முடித்து, சனிக்கிழமைகளில் மட்டும் வேட்டைக்குப் போகும் ஒருவர் இருந்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை எப்போதும் கடைசி நம்பரான பதினொன்றிலேயே வைத்திருப்பார். மாலையில் அப்படி வைத்தால் புள்ளி நெருப்புப் போல் பரவி, எதிரே நிற்கிற மிருகத்தையே மறைத்துவிடும். மூன்றில் வையுங்கள் என்று நானும் நான்கு தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாவது தடவை சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பதினொண்ணு வரைக்கும் செஞ்சவன் முட்டாளா, மூணுல வைக்கச் சொல்ற நீ முட்டாளா, மொதல்ல அத முடிவு பண்ணிட்டுச் சொல்லு லா."

சர்வேயர் ஐயா

நடராஜா ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம். நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் வாங்கிய ஸ்கோப்பில் புள்ளி வால் முளைத்த மாதிரி இழுத்துக்கொண்டு தெரிகிறது என்றார். மாற்றிக் கொடுத்தேன். அதிலும் வால். மூன்றாவதிலும் வால். நான் பார்த்தபோது மூன்றிலும் புள்ளி கடுகு போல உருண்டையாகத்தான் இருந்தது.

கைப்பேசியை ஸ்கோப்பின் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினேன். படத்தில் வால் இல்லை. கண் மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் ஐயா என்று மெதுவாகத்தான் சொன்னேன். காலமெல்லாம் கருவிக்குள் பார்த்துப் பார்த்தே எல்லைக் கல் நட்ட மனிதர். எழுந்து போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தடித்த கண்ணாடியோடு வந்தார். இடது கண்ணில் இனிப் பார்வை திரும்பாதாம். வலது கண்ணை மட்டுமாவது காப்பாற்றப் பார்க்கிறார்களாம். துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டாராம். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மூண்டு சாமானையும் குறை சொன்னனான், பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்."

திருப்பிக் கொடுத்தவர்

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் குமரேசன். மனைவி அதே தோட்டத்தில் மரத்தடியில் உதிரும் செம்பனைப் பழம் பொறுக்குகிறவர். குமரேசன் ஸ்கோப் வாங்கிய அன்று, இனி மசங்கல் நேரத்திலும் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது என்று சொல்லி விற்றவள் நான்தான்.

ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். என்ன பழுது என்று கேட்டேன். பழுதில்லை என்றார். முதலாளி சாப்பிடப் போகும் வரை காத்திருந்து, பிறகு சொன்னார். முந்தின நாள் மாலை ஏழு மணி இருக்குமாம். செம்பனை மட்டைகளுக்கு நடுவில் ஏதோ குனிந்து அசைந்திருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பாலேயே தேடியிருக்கிறார். புள்ளியைப் பொருத்தி, விசையில் விரலையும் வைத்துவிட்டார். அப்போதுதான் அந்த உருவம் நிமிர்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறியதாம்.

அது அவர் மனைவி. கோணியில் கொஞ்சம் இடம் இருக்கிறதென்று, இன்னும் நாலு பழம் பொறுக்க நின்றிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

பார்க்கிறதற்கு பைனாகுலர், சுடுவதற்குத்தான் ஸ்கோப். விற்ற அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. சொல்லவில்லை. பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"சாமான் நல்ல சாமான்தான் அக்கா. அவ முதுகுல அந்தப் புள்ளி ஆடாம நின்னுச்சு."

அந்த ஸ்கோப்பை மறுநாள் முதலாளி துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். பதினொரு வருடமாகத் தெளிவாகப் பார்க்கிற கருவியைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன், ஆனால் தெளிவாகப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வந்த ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை.