நாலாம் மாடிச் சைக்கிள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சைக்கிளை மாடிக்குத் தூக்கியது. முன்பக்கம் அவர், பின்பக்கம் அவள். கைவந்த வேலைதான், ஆனாலும் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சண்டை வரும்.

"மூக்கைச் சுவத்துல ஒட்டு. வாலைத் தூக்கு. அப்புறம் திருப்பு," என்பார் அப்பா.

"மூக்கு உங்க கையிலதானே இருக்கு."

"வாலை ஒழுங்காத் தூக்கினா மூக்கு தானா ஒட்டும். இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலையா, இன்ஜினியரே?"

அவள் பேரிங் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். எந்த உருளை எத்தனை சுற்றில் தேயும் என்று சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம். அப்பா எந்த மாடியில் தேய்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டாம் மாடியில். அங்கே வந்ததும் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு, அதன் கைப்பிடியைத் தட்டிக் கொடுப்பார்.

"பாவம், இதுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் நிக்கட்டும்."

சைக்கிள் மறுத்துப் பேசாது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் இல்லை. அப்பாவின் தொழிலே லிஃப்ட் பழுது பார்ப்பதுதான். நகரத்தில் பாதிக் கட்டடங்கள் அவர் தயவில் மேலும் கீழும் போய் வந்தன. சொந்தக் கட்டடத்து லிஃப்டில் மட்டும் அவர் சைக்கிளுக்கு இடமில்லை. ஒருநாள் அதன் சங்கிலிக் கறை குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது. மறுநாளே லிஃப்டுக்குள் போர்டு தொங்கியது: "சைக்கிள் ஏற்றக் கூடாது."

சரி, கீழேயே நிறுத்தலாம் என்றால், அங்கே ஒரு போர்டு: "ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் வாகனம் நிறுத்தக் கூடாது." எனக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று அப்பா போய்க் கேட்டார். சைக்கிளெல்லாம் வாகனக் கணக்கில் வராது என்றார் செயலாளர்.

"இடம் கேட்டா அது வாகனம் இல்லையாம். நிறுத்தினா வாகனமாம்," என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். "அந்த ஆள் மண்டைக்குள்ளயும் ஒரு லிஃப்ட் இருக்கு. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு."

"நீங்க போய் ரிப்பேர் பண்ண வேண்டியதுதானே," என்றாள் அம்மா.

"உதிரிப் பாகம் கிடைக்காது."

தெருவில் விட்டும் பார்த்தார். ஒருநாள் காலையில் சீட்டைக் காணோம். சைக்கிள் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, உட்காரும் இடம் மட்டும் இல்லை. அன்று முழுக்க நின்றுகொண்டே மிதித்து வேலைக்குப் போய் வந்தார். அம்மா வாசலில் பார்த்துவிட்டு, "யாருக்கு மரியாதை குடுத்துக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள். புதுச் சீட்டு வாங்கி மாட்டும்போது, ஸ்பேனரின் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு எடையையெல்லாம் போட்டு இறுக்கினார். "இனிமே இதை எவனாவது கழட்டினா, அவனுக்கே சைக்கிளைக் குடுத்துடலாம்," என்றார். அதற்கப்புறம்தான் சைக்கிள் மாடியேறத் தொடங்கியது.

மோட்டார் பைக் தருகிறேன் என்று கம்பெனி பலமுறை சொல்லிவிட்டது. அவர் வாங்கவில்லை. உடற்பயிற்சி, காற்று மாசு என்று பெரிய பேச்சு எதுவும் அவரிடம் கிடையாது. காரணம் சின்னது. கம்பெனி வேன் நெரிசலில் சிக்கி நிற்கும்போது, அதன் கண்ணாடியைத் தட்டி, "முன்னாடி போறேன், மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு சுகம். அதை விட மனசில்லை.

நகராட்சி சாலையோரத்தில் சைக்கிளுக்கென்று பச்சைப் பாதை போட்டது. பெயின்ட் காய்வதற்குள் கார்கள் அதில் வரிசையாக நின்றுவிட்டன. அப்பா ஒவ்வொரு காரின் பின்னாலும் நின்று மணியடிப்பார். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் அடிப்பார். கேட்டால், "சொல்லி வைக்கிறது நம்ம கடமை," என்பார். திடீரென்று திறக்கும் கார்க் கதவு எது என்று முன்கூட்டியே அவருக்குத் தெரியும். பின்சீட்டில் ஆள் அசைந்தாலே ஒதுங்கிவிடுவார். பஸ் ஓட்டுநர்களோடு தினமும் வாய்ச்சண்டை. மறுநாள் அதே சிக்னலில் அதே ஓட்டுநர், "என்ன பெருசு, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்பார். "உன் பிரேக் வேலை செய்ற வரைக்கும்," என்பார் இவர்.

பெரிய கட்டடங்களின் வாசலில் காவலாளி மறிப்பதும் வாடிக்கை. சைக்கிளைப் பார்த்ததுமே, "பார்சலா? பின்பக்கம் போ," என்று கை நீளும். அப்பா தகராறு செய்யமாட்டார். பின்பக்கம் போய் நிழலில் உட்கார்ந்துகொள்வார். லிஃப்ட்காரன் ஏன் வரவில்லை என்று மேலாளர் போனில் கத்துவார். "வந்துட்டேனே சார். உங்க பின்பக்கத்துலதான் இருக்கேன்."

இப்படிப்பட்ட மனிதர்தான் அன்று சாயங்காலம் இரண்டாம் மாடியில் சைக்கிளுக்கு மூச்சு வாங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார். அப்போது லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னு போச்சு!"

"யாரு உள்ள?"

"நான்தான், செயலாளர்!"

அப்பா மகளைப் பார்த்தார். தீபாராதனை கண்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"எந்தச் செயலாளர்?"

"இந்தக் கட்டடத்துக்கு எத்தனை செயலாளர் சார்! சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க, இருட்டா இருக்கு!"

"பயப்படாதீங்க, ஒன்னும் ஆகாது. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது. மேல மெஷின் ரூமுக்குப் போய்க் கையால சுத்தி இறக்கணும். ஆனா கையில சைக்கிள் இருக்கே."

"அதை அங்கயே வச்சுட்டுப் போங்க!"

"எங்க வைக்கிறது? படிக்கட்டுல எந்தப் பொருளும் வைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு. நீங்க போட்டதுதான்."

உள்ளிருந்து கதவை இன்னும் பலமாகத் தட்டும் சத்தம் வந்தது.

"லிஃப்டுல வைக்கலாம்னா அங்கயும் போர்டு. அதுவும் இல்லாம, இப்போ அதுல ஆள் இருக்கு."

மகள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு பேசும்போதே அப்பா மெஷின் ரூம் சாவியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார். அது உள்ளே இருந்தவருக்குத் தெரியாது.

"கீழ மீட்டர் பெட்டி பக்கத்துல வச்சுக்கோங்க சார்!"

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவும்!"

"கமிட்டி கூடி முடிவு பண்ண வேண்டாமா?"

"நான்தான் சார் கமிட்டி!"

"இதைத்தான் நான் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார் அப்பா. பிறகு மகளிடம், "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. லிஃப்ட் இந்த மாடித் தரைக்குச் சமமா வந்ததும் போன் பண்ணு," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவளுக்குப் பேச்சு வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள வெப்பம் எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள்.

"வேர்க்குதும்மா."

"காத்து வரும் சார். மூச்சு முட்டாது."

சற்று நேரம் கழித்து உள்ளிருந்து குரல் தாழ்ந்து வந்தது. "உங்கப்பா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. சைக்கிளைப் பார்த்தாலே எனக்கு என்னவோ போல இருக்கும். எனக்கு ஓட்டத் தெரியாது. சின்ன வயசுல விழுந்தேன், எல்லாரும் சிரிச்சாங்க, அதோட விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சரி சார்."

அந்த வாக்கை இரவுச் சாப்பாடு வரைக்கும் காப்பாற்றினாள். கேட்டதும் அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறியது. அம்மா தலையில் தட்டி, "அடுத்தவங்க கஷ்டத்துல சிரிச்சா இப்படித்தான்," என்றாள். தண்ணீர் குடித்து அடங்கியவர், "பாவம்டி. இந்த வயசு வரைக்கும் சைக்கிள் ஓட்டாம ஒரு மனுஷன் எப்படி இருந்தான்?" என்றார். அவருக்கு அது பட்டினிக்குச் சமம்.

மறுநாள் காலை மகளோடு கீழே வந்தவர், மீட்டர் பெட்டி அருகில் செயலாளரைப் பிடித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க சார். ரோடு காலியா இருக்கும். நான் சொல்லித் தர்றேன்."

செயலாளர் முதலில் மகளை முறைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "யாராவது பார்த்தா?"

"சைக்கிள் நிறுத்துற இடத்தை ஆய்வு பண்றீங்கன்னு சொல்லிடலாம்."

ஒரே ஒரு சிக்கல். அப்பா நெட்டை. செயலாளருக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் கால் தொங்கும். சீட்டை இறக்க வேண்டும். ஆனால் குழாய் போட்டு இறுக்கிய அந்த போல்ட் இத்தனை வருஷத்தில் துருவேறி ஒட்டிப்போயிருந்தது. அப்பா தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. "திருடனுக்கு வச்ச பூட்டு எனக்கே திறக்க மாட்டேங்குது," என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் ஊற்றினார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஊறட்டும்."

ஞாயிறுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்தது. வேலையிலிருந்து வந்தார். சைக்கிளை மீட்டர் பெட்டி அருகில் நிறுத்தினார். லிஃப்டில் ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை.

"எத்தனை பஸ்காரன், எத்தனை லாரிக்காரன். ஒருத்தனாலயும் ஒன்னும் பண்ண முடியலையே," என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நெஞ்சுவலி நாற்காலியில உட்கார வச்சுக் கொன்னுடுச்சே."

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. நான்கு பேர் படிவழியே தூக்கினார்கள். பின்பக்கம் வெள்ளைச் சட்டையில் செயலாளர். நான்காவது, மூன்றாவது மாடிகளை எப்படியோ கடந்துவிட்டார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் இழுத்தார்கள். நகரவில்லை.

மகள் மேலே இரண்டு படி தள்ளி நின்றிருந்தாள்.

"மூக்கைச் சுவத்துல ஒட்டுங்க," என்றாள்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"வாலைத் தூக்குங்க. சார், நீங்கதான். இன்னும் கொஞ்சம். இப்போ திருப்புங்க."

திரும்பியது. அம்மா அழுதுகொண்டிருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது.

அதன்பின் சில வாரங்கள் சைக்கிள் மீட்டர் பெட்டியருகிலேயே நின்றது. யாரும் தொடவில்லை. போர்டும் வைக்கவில்லை. அதை விற்றுவிடலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். "நின்னுட்டுப் போகட்டும். அந்த இடத்துக்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் பால் வாங்கக் கீழே வந்தபோது, சைக்கிளுக்குப் பக்கத்தில் செயலாளர் நின்றிருந்தார். கால்சட்டையின் வலது முனை, சங்கிலியில் படாதபடி காலுறைக்குள் செருகியிருந்தது.

"சும்மாதான்மா. ஆய்வு பண்ணலாம்னு வந்தேன்," என்றார்.

அவள் அந்தக் காலுறையைப் பார்த்தாள். பால் வாங்கப் போகவில்லை. மேலே போய் அப்பாவின் கருவிப் பையை எடுத்துவந்தாள். சரியான அளவு ஸ்பேனரைத் தேர்ந்தெடுத்து போல்ட்டில் மாட்டினாள். நிறுத்தினாள். இந்தச் சீட்டு இறங்கிவிட்டால் அப்பாவின் உயரம் என்று உலகத்தில் எங்கேயும் ஒரு அளவு இருக்காது.

பையிலிருந்து கூரான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். சீட்டுத் தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில், அழுத்தி ஒரு கோடு கிழித்தாள்.

"கோடு எதுக்கும்மா?"

"மறுபடி ஏத்தணும்னா அளவு வேணும் சார்."

"இனிமே யாரு ஏத்தி..." என்று தொடங்கிய செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் அப்பா உயரம்," என்றாள் அவள். "வார நாள்ல ஃபேக்டரிக்கு நான் எடுத்துட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு."

ஸ்பேனரை அழுத்தினாள். குழாய் தேவைப்படும் என்று நினைத்திருந்தாள். தேவைப்படவில்லை. எண்ணெய் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. ஊற்றியவர் இல்லை என்ற செய்தியை அதற்கு யாரும் சொல்லவில்லை. சீட்டு ஒருமுறை முனகியது, பிறகு இறங்கியது. கோடு சட்டத்துக்குள் போய் மறைந்தது.

தெருவில் ஆளில்லை. பச்சைப் பாதை முழுக்கக் கார்கள். செயலாளர் கைப்பிடியைப் பிடித்த பிடியில் மணி தானாக ஒருமுறை அடித்தது.

"விட்டுட மாட்டியேம்மா?"

அவள் பின்னால் போய் கேரியரைப் பற்றினாள்.

"ஏறுங்க சார். வால்பக்கம் எப்பவும் நான்தான்."