சிரித்த அம்மாவுக்குச் சிவப்பு பல்பு

என் கடைக் கண்ணாடிகள் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் இருக்கிற கண்ணாடியெல்லாம் இன்றைக்கே உடையட்டும்! கும்மிடிப்பூண்டியில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவன் நான். எங்கள் தொழிலில் கண்ணாடிக்குள் போகிறவர்கள் இரண்டே வகை: சாமி, இல்லையென்றால் சாமியிடம் போய்ச் சேர்ந்தவர்கள். சுவரில் ஆணி அடிக்கப்போய் விரலில் அடித்துக்கொண்ட அன்பர்களே, என் வலி உங்களுக்குப் புரியும்.

எது மேல், எது கீழ்?

சிப்காட் கம்பெனி ஒன்றின் நிர்வாக அதிகாரி குமரேசன், வரவேற்பறைக்கு இரண்டு படம் கொண்டுவந்தார். திங்கட்கிழமை வெளிநாட்டு முதலாளிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் தன்னை ஒடிசா ஆலைக்குத் தூக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். திருநின்றவூரில் இப்போதுதான் வீடு கட்டிப் பால் காய்ச்சியிருக்கிறார், பாவம்.

முதல் படம் முழுக்க வண்ணத் திட்டுகள். சட்டத்தில் மரம் எந்தப் பக்கம் கெட்டியோ அந்தப் பக்கம் கொக்கி போட்டு மாட்டினேன். பார்த்ததும் மனிதருக்கு வியர்த்துவிட்டது. தலைகீழாம்! "நியூயார்க் மியூசியத்துலயே ஒரு பெரிய ஓவியரோட படகுப் படத்தை ஒன்றரை மாசம் தலைகீழா வச்சிருந்தாங்க சார். லட்சம் பேரு பார்த்துக்கினு போனாங்க" என்று தைரியம் சொன்னேன்.

"அங்க லட்சம் பேரு பார்த்தான் பெருசு. இங்க ஒருத்தன் பார்த்தா போதும், நான் காலி!"

புருவமில்லாத அம்மா

இரண்டாவது, உலகமே போய்ப் பார்க்கிற அந்தப் புன்னகைக்கார அம்மாளின் அச்சுப்படம். புருவம் கிடையாது. அந்தக் காலத்து நாகரிகம் என்கிறார்கள் சிலர், துடைத்துத் துடைத்தே போய்விட்டது என்கிறார்கள் சிலர். வரவேற்பறையில் மாட்டும்போது பழக்கதோஷத்தில் என் கை, படத்துக்கு மேலே சுவரில் மாலைக்கு ஒரு ஆணியும் சிவப்பு பல்பும் பொருத்திவிட்டது. சிரித்த முகம், கண்ணாடிச் சட்டம். கை வேறென்ன நினைக்கும்?

திங்கட்கிழமை விடிந்ததும் வாட்ச்மேன் ஏழுமலை, பழவேற்காட்டு மீனவக் குடும்பம், இளகின மனசு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமந்தி மாலை போட்டு, கண்ணாடிமேல் குங்குமமும் வைத்துவிட்டார். குமரேசன் அலறினார். ஏழுமலை அசரவில்லை.

"எந்த மொதலாளி ஊட்டம்மாவோ சார், சிரிச்சிக்கினே போய்ட்டாங்க."

காலிச் சுவர்

எனக்குப் போன் போட்டு வரவழைத்து, இரண்டு படத்தையும் உடனே கழற்றச் சொன்னார் குமரேசன். கழற்றினேன். மாலையைக் குப்பையில் போட ஏழுமலை ஒப்பவில்லை, ஆணியிலேயே விட்டுவிட்டார். பல்பைப் பிடுங்குவதற்குள் கார் வந்துவிட்டது. "பயப்படாதீங்க சார், பாரிஸ்ல இந்தம்மா படம் திருடுபோனப்போ காலிச் சுவரைப் பார்க்கவே ஜனம் வரிசை கட்டி நின்னுது" என்றேன்.

முதலாளிகள் காலிச் சுவர், மாலை, சிவப்பு வெளிச்சம் மூன்றையும் பார்த்துக் கைகட்டி நின்றார்கள். ஆழமான கலை என்று குமரேசனின் கையைக் குலுக்கினார்கள். இவ்வளவு ரசனை உள்ளவர் அந்த ஆலையையும் அலங்கரிக்கட்டுமென்று, ப்ரமோஷன் கொடுத்து ஒடிசாவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"பிடிக்கலைன்னாலும் ஒடிசா, பிடிச்சாலும் ஒடிசா. அப்போ நடுவுல நீ இன்னாத்துக்கு பெருசு?"

ஓவியம் புரியாதவர்களால் எந்தக் குடும்பமும் ஊர்விட்டு ஊர் போனதில்லை, ரசிகர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஆனால் புது வீட்டை விட்டுப் போன குமரேசன் வீட்டம்மா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறார், இதையெல்லாம் உங்களிடம் சொன்னது யாரென்று மட்டும் அவர் காதுக்குப் போகவேண்டாம்.