ரொட்டியம்மா போடாத கையெழுத்து

ரொட்டியம்மா ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். மாவு இன்னும் உப்பவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் பேக்கரி முதலாளியே வந்து கெஞ்சினாலும் தட்டு அடுப்புக்குள் போகாது. பதினாறு வருடமாக அவளுடைய கிறிஸ்தவ சபையில் இயேசுவின் மரணத்தை நினைத்துப் பகிரும் திருவிருந்து அப்பத்தைச் சுட்டதும் அவள்தான். மாதம் ஒரு சனிக்கிழமை, கடை வேலை முடிந்ததும் மேசையைச் சுரண்டிக் கழுவி, தலைத்துணியை மாற்றிக்கொண்டு, அதற்கென்று தனியாக மாவு பிசைவாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு முறைப்புதான். ஆள் காணாமல் போய்விடுவார்.

அவளுடைய ஒரே மகன் பதினெட்டு வயதில் சபைக்கு வருவதை நிறுத்தினான். "எனக்கு நம்பிக்கை வரலம்மா. வந்த மாதிரி நடிக்கவா?" என்று கேட்டான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை என்ன செய்ய? இருபத்துநான்கு வயதில், ஞானஸ்நானம் வாங்காமலே, பைக் விபத்தில் போய்விட்டான். நொறுங்கிப் போனாள். இயேசு எல்லாருக்காகவும் மரித்தார், அந்த எல்லாரில் என் பிள்ளையும் உண்டு என்ற ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி எழுந்து நடமாடினாள்.

இந்த வருடம் புதிய போதகர் வந்தார். நல்ல மனிதர், கொட்டுகிற மழையிலும் நோயாளி வீட்டுக்குப் போவார். ஆனால் கொள்கையில் இரும்பு. கிறிஸ்து சிலுவையில் மரித்துச் செய்த பாவப் பரிகாரம், தேவன் முன்பே தெரிந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே என்பது அவர் நம்பிக்கை. பொறுப்பில் இருக்கும் எல்லாரும் அப்படி எழுதிய தாளில் கையெழுத்திட வேண்டும் என்றார். முதல் ஆளாக, சபைக்குப் பெஞ்சு செய்து தந்து பராமரித்துவந்த தச்சர் போட்டார். காணிக்கைத் தட்டு எடுப்பவர்கள் படிக்காமலே போட்டார்கள். கடைசியில் போதகரே தாளோடு பேக்கரிக்கு வந்தார்.

ரொட்டியம்மா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"அப்போ என் பையனுக்காக அவர் சாகலையா, ஐயா?"

"அதை நான் எப்படிக்கா சொல்வேன்? அவனையும் தேவன் தெரிஞ்செடுத்திருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம். அதுக்குத்தானே என் கையெழுத்து?"

போதகர் மாவு படிந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தார். "கோபப்படாம கேளுங்கக்கா. ஏத்துக்காதவங்களுக்காகவும் அவர் செத்தார்னா, அவ்வளவு ரத்தமும் வீண்தானே? யார் வருவா, யார் வரமாட்டான்னு தேவனுக்குத் தெரியாதா?"

கேள்வி நெஞ்சில் தைத்தது.

"தெரியட்டும். என் பையன் வீட்டுக்கு வரமாட்டான்னு தெரிஞ்ச நாள்லயும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைச்சேன். வீண்னு ஒரு நாளும் நினைக்கல. எனக்கே அப்படின்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

"கையெழுத்து இல்லன்னா அப்பம் சுடற பொறுப்பை உங்களுக்குக் கொடுக்க முடியாதே, அக்கா."

"வேற ஆளைப் பாத்துக்கங்க. ஆனா நான் சபையை விட்டுப் போயிடுவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

அவர் தெருமுனை தாண்டியதும் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பதினாறு வருடம், சும்மாவா?

திருவிருந்து ஞாயிறன்று முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றாள். யாரோ சுட்ட அப்பம். ஓரம் செருப்புத் தோல், நடுவில் பச்சை மாவு. அப்பத்தைக் கொடுக்கும்போது போதகர், "கிறிஸ்து உனக்காக மரித்தார்" என்பார். வாங்குகிறவர், "எனக்காக" என்று சொல்வது அந்தச் சபையின் வழக்கம்.

"எனக்காக," என்றாள். பிறகு கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, "என் மகனுக்காகவும்," என்றாள்.

போதகரின் பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்த மாதமும் அதையே சொன்னாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மூன்றாம் மாதமும் சொன்னாள். அன்று அவளுக்குப் பின்னால் தச்சர் நின்றார். கையை நீட்டி, "எனக்காக," என்றார். நகராமல் நின்றார்.

"என் தம்பிக்காகவும்," என்றார்.