அக்காவின் சலவைக்கூடமும் என் திட்ட அறிக்கையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து, இந்த மழையிலும் சிதம்பரம் வந்து கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுத இவனுக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் குடும்பத்தில் எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில் விழும். அதன் விளைவு மற்றவர்கள் தலையில் விழும்.

அச்சகத்தில் பழைய நினைவு மலர்கள் சிலவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்றார் அச்சகக்காரர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து காதுகுத்து வரை நம் வீட்டில் எல்லாம் இப்படித்தானே அச்சாகிறது? நானும் எழுதினேன். அதில் அக்கா பொறுமையின் வடிவமாகவும், அதிர்ந்து பேசாதவராகவும், விடியுமுன் எழுந்து துளசிக்கு நீர் ஊற்றியவராகவும் வந்திருந்தார். அக்காவின் மகள் வாங்கிப் படித்தாள்.

"இது யாரு மாமா?" என்றாள். பிறகு தாளை என்னிடமே நீட்டி, "மறுபடியுமா?" என்றாள்.

அந்த 'மறுபடியும்' எதைச் சொல்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரித்த கதைதான். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அக்கா பி.காம். முடித்த கையோடு சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டார். அக்காவின் கணவரான மாமா, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியின் மேலாளர். நல்ல மனிதர், மாரடைப்பு அதையெல்லாம் பார்க்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவர் போய்விட்டார். அக்கா ஓர் உரக்கடையில் கணக்கு எழுதத் தொடங்கினார். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் பள்ளிக் கட்டணம் இடிக்கும். பள்ளிக்குக் கட்டினால் வாடகை இடிக்கும்.

சிதம்பரத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வேன் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் வெளுத்து வருகின்றன என்று மாமா அடிக்கடி சொல்வார். அதை இங்கேயே செய்தால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது. மாமாவின் நண்பரான இன்னொரு விடுதி மேலாளர், எங்கள் விரிப்புகளைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். வங்கியில் கடனுக்குத் திட்ட அறிக்கை கேட்டார்கள்.

கீழவீதிச் சித்திக்கு இது பிடிக்கவில்லை. "துணி தோய்க்கறதுக்கா உன்ன பிகாம் படிக்க வெச்சாங்க?" என்று கேட்டார்.

"உரக்கடை மொதலாளி எட்டாவதுதான் படிச்சாரு, சித்தி. அவரு யாரையும் கேட்டுக்கினு கட தொறக்கல" என்றார் அக்கா. பொறுமையின் வடிவம் பேசுவது இப்படித்தான் இருக்கும்.

சித்தியாவது வாய்விட்டுச் சொன்னார். நான் அதையே நாசூக்காகச் செய்தேன். அறிக்கையை எழுதித் தருவதாக நானே முன்வந்து, முதல் பக்கத்தில் சலவை என்ற சொல்லே வராமல் 'ஜவுளிப் பராமரிப்புச் சேவை மையம்' என்று போட்டேன். தொழில் அக்காவுடையது, கூச்சம் என்னுடையது.

இணையத்தில் ஒரு மாதிரித் திட்ட அறிக்கை கிடைத்தது. வடக்கே ஏதோ ஒரு நகரத்துச் சலவை நிலையத்துக்கானது. சந்தை, தண்ணீர், பருவம், இடர்கள் என்று தலைப்புகள் லட்சணமாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் பதிலும் தயாராக இருந்தது. ஊர்ப் பெயரை மாற்றி, நல்ல தமிழில் பெயர்த்தேன். நடுவில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மழைக்கு என்னாடா பண்றது?"

"அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்குக்கா."

இருக்கத்தான் செய்தது. 'நவம்பர், டிசம்பர் மாதங்களில் வானம் தெளிந்து வறண்ட காற்று வீசுவதால், துணிகள் மொட்டைமாடியிலேயே விரைவில் உலரும்.' எழுதியவன் யார்? துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்தே எண்கள் கற்ற முதுநகர்க்காரன்.

வங்கி அதிகாரி வெளியூரிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். இவ்வளவு ஒழுங்கான அறிக்கையைப் பார்த்ததில்லை என்றார். நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். கடன் வந்தது. துவைக்கும் இயந்திரங்கள் வந்தன. உலர்த்தும் இயந்திரத்துக்கு அறிக்கையில் இடமில்லை. மாறாக, வாடிக்கையாளர் காத்திருக்க ஒரு சோபாவுக்கு இடமிருந்தது. மூட்டை அழுக்குத் துணியை வேனில் அனுப்பும் எந்த விடுதிக்காரர் வந்து அதில் சாய்ந்து உட்காரப்போகிறார் என்று நான் யோசிக்கவில்லை. சோபாவும் வந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது, விடவில்லை. மாடிக் கொடிகளில் விரிப்புகள் துவைத்ததைவிட அதிகமாக நனைந்தன. நனைந்த துணி நாறத் தொடங்கினால் விடுதிக்காரர் திரும்பிப் பார்க்கமாட்டார். அவர் போனால் கடனும் மகளின் படிப்பும் என்ன ஆவது? அக்கா உட்கார்ந்து அழவில்லை. மகளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி, பாலிதீன் சுற்றிய மூட்டையோடு வீடு வீடாகப் போனார். முதலில் கதவைத் திறந்தவர் கீழவீதிச் சித்தி. கூடத்தில் கயிறு கட்டி, "ஃபேன ஜாஸ்தியா வைடி" என்று மட்டும் சொன்னார். பிறகு உங்களில் எத்தனையோ பேர் வீடுகளில் விரிப்புகள் தொங்கின. பெரியப்பா ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிவியில் செய்தி பார்த்தார்.

அந்த வாரம் நான் ஒரு மூட்டைகூடத் தூக்கவில்லை. அந்த வீடுகளைச் சுற்றிப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பி, 'கூடத்துக்குள் பாய்மரக் கப்பல் ஓட்டுவது எப்படி' என்று ஒரு கட்டுரை எழுதினேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகப் பத்திரிகையில் சொன்னார்கள். விடுதி மேலாளரும் படித்தார். தங்கள் விரிப்புகள் யார் யார் வீட்டுச் சாம்பார் வாசனையிலோ காய்கின்றன என்று தெரிந்துகொண்டார். மாமாவின் நண்பராயிற்றே, கோபித்துக்கொள்ளவில்லை. விரிப்புகளை மறுபடி புதுச்சேரி வேனில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுக்குத் தயாராகப் போனேன். அந்தச் சோபாவில் உட்காரச் சொன்னார். அதுவும் ஈரமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்க. நானே சிரிச்சிட்டேன். சித்தி வூட்டு ஈர வாசனகூட வந்திருக்கு. இவ்ளோ பாக்கத் தெரியுது உனக்கு. அந்த ரிப்போர்ட்ட எழுதறப்ப ஒருவாட்டி ஜன்னலத் தொறந்து பாக்கணும்னு ஏன்டா தோணல?"

மேசைமேல் கிடந்த மாதிரி அறிக்கையை எடுத்தேன்.

கிழித்துப் போடலாம் என்றேன். அக்கா விடவில்லை. "கேள்வியெல்லாம் நல்லாத்தான் கேட்டிருக்கான். பதில மட்டும் அடிச்சிடு" என்றார். நான் ஒவ்வொரு தலைப்பாக வாசித்தேன். தண்ணீர் உப்பா? தெரியாது, கேட்டுட்டு வரேன் என்று கிளம்பிப் போனார். எந்த மாதங்களில் விடுதிகள் நிறையும்? ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா. எந்த மாதங்களில் துணி காயாது? அதில் மார்கழியும் வந்தது. துணி அதிகம் வரும் மாதமும் காயாத மாதமும் ஒன்றே என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. தெரியாத இடங்கள் பல நாள் வெற்றாகவே கிடந்தன. அவற்றை நிரப்ப என் தமிழ்நடைக்கு அனுமதி இல்லை. முதல் பக்கத்தில் 'சலவை' என்று அக்காவே எழுதினார்.

இரண்டாவது அறிக்கை அழகாக இல்லை. அதிகாரி முகம் சுளித்துக்கொண்டேதான் படித்தார். ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காவே பதில் சொன்னார். உலர்த்தும் இயந்திரம் வந்தது. விடுதி மேலாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு விரிப்புகளைத் திருப்பித் தந்தார். மற்ற விடுதிகளும் பின்னால் வந்தன. யார் விரிப்பு எங்கே போனாலும் தெரியும்படி மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவது அக்காவின் வழக்கமாயிற்று. மகள் படித்து முடித்து, இன்று அந்தச் சலவைக்கூடத்தை அவளே நடத்துகிறாள்.

என்னை மன்னித்ததாக அக்கா ஒருநாளும் சொல்லவில்லை. மழைக்காலம் வந்தால் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொல்வார். கடலூர் மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், வெளியே எப்படி இருக்கிறது என்று கேட்டார். மேகமாக இருப்பதுபோல் தெரிகிறது என்றேன். "ஜன்னலத் தொறந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார். திறந்து பார்த்துச் சொன்னேன். தூறல்.

அக்காவின் நோயில் கூடவே இருந்த மருத்துவர், செவிலியருக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும், அந்தக் கார்த்திகையில் கூடத்தில் கயிறு கட்டிக்கொண்டு விரிப்புகளுக்கு நடுவே குனிந்து நடந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்திக்கும் பெரியப்பாவுக்கும் தனியாக. அன்று உங்களை வைத்துச் சிரித்துச் சம்பாதித்தேன். அதற்கு நன்றி என்று சொன்னால் போதாது.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் இன்று விடுதிகளில் தங்குவீர்கள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். படுக்குமுன் விரிப்பின் மூலையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புத் தையல் இருக்கும். விரிப்பு நன்றாகக் காய்ந்திருக்கும். அதில் என் பங்கு எதுவுமில்லை.