ஐந்து வருஷத்தில் மீட்ட வீடு

1. பேர் வெட்டிய நாள்

தேயிலைத் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலிலிருந்து என் அப்பாவின் பேரை வெட்டியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நான் அதற்கு முன்பே தோட்டத்தை விட்டு வந்து, ஹட்டன் கடைவீதியில் துணியும் கம்பளியும் அரிசியும் விற்கும் ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலில் மூட்டை ஏற்றி இறக்கினேன். பிறகு ஸ்டியரிங் பிடிக்கப் பழகி, லைசென்ஸும் எடுத்தேன்.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராத ஆளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா எப்போதோ இறந்துபோயிருந்ததால் அவர் தனி ஆள்.

தகவல் வந்ததும் முதலாளியிடம் சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா ரோட்டோரம், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கங்காணி கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்து நின்றார்.

"நான் என்னத்த செய்யிறது வீரமுத்து? தொரை உத்தரவு" என்றார்.

நான் அப்பாவைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். அவர் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சுடா. எறக்கிக்கிறேன்னு சொன்னேன். அதுக்குள்ள பானையத் தூக்கி வெளிய வச்சிட்டானுங்க."

எவனும் வெளியே போகச் சொல்ல முடியாத ஒரு வீடு எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பு இருந்தது என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன்.

2. ஈட்டு உறுதி

இரண்டு வருஷம் கழித்துப் பொன்னம்மாவைக் கல்யாணம் செய்தேன். காமாட்சி பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதானபோது முதலாளியே ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். மார்க்கெட்டுக்குப் பின்னால், மேட்டில், அவருக்குச் சொந்தமான வீடு. தகரக் கூரை, இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி. விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். என் கையில் முந்நூறு இருந்தது. மீதிக்கு வீட்டை அவரிடமே ஈடு வைத்து, பத்து வருஷத்தில் மாதாமாதம் கட்டித் தீர்ப்பதாக நொத்தாரிஸ் முன்னால் ஈட்டு உறுதிப் பத்திரம் எழுதினோம்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "முன்னாடியே கட்டினா வாங்கிக்குவீங்களா முதலாளி?"

அவர் சிரித்தார். "வாங்கிக்கிறேன். ஆனா எதுக்குப்பா அவசரம்? பத்து வருசம்னு எழுதியிருக்கு. நீ பத்து வருசத்துல குடு. சம்பளத்துலேயே அடங்கிரும். நான் ஒன்னும் உன்னை வெளிய போடப் போறதில்ல."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் என்னைக் குத்தியது. இந்த மனுசன் போடமாட்டார். அவர் இறந்துபோனால் அவர் பிள்ளைகள்? ஐந்து வருஷத்தில் அடைத்துவிடுவது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

அப்பாவும் அதற்கு எண்ணெய் ஊற்றினார். அவர் படுக்கையோடு எங்கள் வீட்டில் இருந்தார். சம்பளம் எடுத்து வரும் நாளில், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: "இன்னும் எவ்வளவுடா இருக்கு?" நான் சொல்வேன். "கொறைஞ்சிருக்கு, கொறைஞ்சிருக்கு" என்று கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு வேறு எந்தப் பாராட்டும் தேவைப்படவில்லை.

3. ரிட்டன் லோடு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கால வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஏற்றி ஹட்டன் ஸ்டேஷனில் இறக்குவது தினசரி வேலை. காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் எஞ்சின் எழும்பும். குளிர் நாட்களில் ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பி வருகிறவன் டிரைவர் இல்லை. முதல் கியரில் போட்டு, வண்டியைக் கியரிலேயே பிடித்து இறக்க வேண்டும். பெட்டி நனைந்தால் அந்தப் பெட்டியின் விலை நம் சம்பளத்தில் போகும்.

புதன்கிழமை மட்டும் நுவரெலியா. அங்கே முதலாளிக்கு ஒரு கிளைக்கடை இருந்தது. காலையில் இங்கிருந்து அரிசியும் துணிக்கட்டும் ஏற்றிக்கொண்டு, தலவாக்கலை, நானுஓயா வழியாகப் பத்து மணிக்குள் போய்விடுவேன். திரும்பும்போது வண்டி வெறுமனே வரும். அங்கே மார்க்கெட்டில் உருளைக்கிழங்கும் கோவா என்கிற முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு வந்து ஹட்டனிலும் வட்டவளையிலும் இறக்கினால், அந்த ரிட்டன் லோடு கூலியில் பாதியை எடுத்துக்கொள்ள முதலாளி எனக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பன்னிரண்டு மணிக்குள் மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தாவிட்டால் லோடு வேறு லொறிக்குப் போய்விடும்.

அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொண்டு போனதே இல்லை. நேராக முதலாளியின் மேசைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமையும் கோயில் திருவிழா நாட்களிலும் வாடகை ஓட்டம் பிடித்தேன். தீபாவளியன்று ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கண்டிக்குக் கொண்டு போனேன். பொன்னம்மா எனக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தை மறுநாள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

4. காதில் சீழ்

இரண்டாவது வருஷம் காமாட்சிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. பொன்னம்மா டவுன் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனாள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். நிற்கும், மறுபடியும் வடியும். கடைசியில் அங்கேயே சொல்லிவிட்டார்கள்: நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், காது பார்க்கும் டொக்டரிடம் காட்டுங்கள், அவர் புதன்கிழமை வருகிறார்.

"நல்லதாப் போச்சுங்க. நீங்கதான் பொதங்கெழம போறீங்களே. புள்ளைய முன்னாடி ஒக்கார வச்சிக் கூட்டிட்டுப் போயிருங்க. மாமாவ விட்டுட்டு என்னால நகர முடியாது" என்றாள் பொன்னம்மா.

அது உண்மை. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

"சரி, அடுத்த வாரம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்து, வரிசையில் உட்கார்ந்து, டொக்டரைப் பார்த்து வெளியே வர இரண்டு மணியாகும் என்று எனக்குத் தெரியும். அன்றைய ரிட்டன் லோடு போய்விடும். ஒரு லோடு போனால் அடுத்த வாரமும் வியாபாரி அதை ஏற்றிய வேறு லொறியையே தேடுவான். அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வாரம் மழை என்றேன். அதற்கடுத்த வாரம் வண்டியில் துணிக்கட்டு முன் சீட்டு வரை இருக்கிறது என்றேன். இருந்தது, ஆனால் நான்தான் வைத்தேன்.

ஒரு புதன்கிழமை பொன்னம்மா பிள்ளையைக் குளிக்க வார்த்து, கவுன் போட்டு, கம்பளிக் குல்லா மாட்டி வாசலில் நிறுத்தியிருந்தாள். காமாட்சி லொறியில் போகப்போகிற சந்தோஷத்தில் கையில் ஒரு ரொட்டித் துண்டோடு நின்றாள்.

"இன்னைக்கு ஏலாது பொன்னு. கெழங்கு லோடு பெருசு. எனக்காக வச்சிருக்கான்."

"கெழங்குக்கா காதுல சீழ் வடியுது?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் யாருக்கு ஓடுறேன்? எனக்கா?" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த லொறி ஒவ்வொரு புதனும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போனது.

5. ஹோர்ன்

ஒரு மத்தியானம் ஃபெக்டரியில் பெட்டி தயாராகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிசயமாகப் பகலில் வீட்டுப் பக்கம் வண்டியைக் கொண்டு வந்தேன். எங்கள் மேட்டுக்கு ஏறும் வழி ஒடுக்கம். வளைவில் திரும்பியதும், நடு ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு காமாட்சி குந்தியிருந்தாள். கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஹோர்ன் அடித்தேன். அசையவில்லை. மறுபடியும் அழுத்திப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. அவள் திரும்பவே இல்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது வண்டிக்கும் அவளுக்கும் மூன்றடி இருக்கவில்லை.

அடமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இறங்கிப் போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவள் விழுந்து எழுந்து, என்னையும் லொறியையும் மாறி மாறிப் பார்த்தாள். லொறி வந்து நிற்பதையே அந்த நிமிஷத்தில்தான் காண்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

பொன்னம்மா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அவளுக்குக் கேக்காதுங்க" என்றாள். அழவில்லை. "மூனு மாசமாச்சு, சுத்தமாக் கேக்குறது நின்னு. உங்ககிட்ட நாலு தடவ சொன்னேன். நீங்க சோத்தத் தின்னுக்கிட்டே ம்ம்னு சொன்னீங்க."

எனக்கு அவள் சொன்னது ஒரு தடவைகூட நினைவில் இல்லை.

6. டொக்டர் சொன்னது

அடுத்து வந்த புதன்கிழமையே கூட்டிப் போனேன். லோடு வேறு லொறிக்குப் போனது. அடுத்த வாரம் அந்த வியாபாரி மறுபடியும் எனக்குத்தான் கொடுத்தான் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு காதையும் நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்று கை தட்டினார், மணியை அடித்தார். பிள்ளை மேசையிலிருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு காலமாச் சீழ் வருது?"

"ஒரு வருசத்துக்கு மேல ஐயா."

"ஏன் இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை? எங்கை இருக்கிறியள்?"

"ஹட்டன். லொறி டிரைவர். வாராவாரம் இங்க வந்து போறேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதலே வந்திருந்தாலும் முழுக்கச் சுகப்படுத்தியிருப்பன் எண்டு சொல்லேலாது. ஒரு காதையாவது காப்பாத்தப் பாத்திருக்கலாம். இனிச் சீழை நிப்பாட்டலாம். கேக்கப் பண்ணேலாது."

திரும்பி வரும்போது காமாட்சி முன் சீட்டில் முழங்காலிட்டு நின்று, ஜன்னல் வழியாகத் தலவாக்கலை ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பல நாளாக ஆசைப்பட்ட பயணம் அது.

7. அதற்குப் பிறகும் ஓடினேன்

இதைப் படிக்கிறவர்கள், அன்றோடு நான் வாடகை ஓட்டத்தை நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கலாம். நிறுத்தவில்லை. அதிகமாக்கினேன். வீட்டில் உட்கார முடியவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் குழறத் தொடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு இருப்பதைவிட, வளைவுகளில் வண்டி இறக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. பிள்ளையின் எதிர்காலத்துக்கு வீடாவது சொந்தமாக இருக்கட்டும் என்று பொன்னம்மாவிடம் சொன்னேன்.

சொன்னபடி ஐந்து வருஷத்தில் அடைத்தேன். முதலாளி நொத்தாரிஸை வரவழைத்து ஈட்டை ரத்துச் செய்து, வீட்டு உறுதியை என் கையில் கொடுத்தார்.

"வட்டியில எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கேன் முதலாளி?" என்று கேட்டேன்.

கணக்குப் பார்த்துச் சொன்னார். இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

பிறகு தயங்கிக் கேட்டார். "வீரமுத்து, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஒரு நாள் கேட்டிருந்தா நான் இல்லேன்னா சொல்லியிருப்பேன்? அந்த லோட்டுக் கூலியக்கூட நானே தந்திருப்பேனே."

தந்திருப்பார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். அவரைக் குறை சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவுக்கு உறுதியைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவர், முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த மழைக்காலத்தில், அந்த வீட்டுக்குள்ளேயே, அவர் ஆசைப்பட்டபடி இறந்தார். அந்த ஒன்று நன்றாக நடந்தது.

8. இரண்டு கைகள்

நான் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் தாயும் மகளும் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அரிசிக்கு ஒரு சைகை, மழைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரிக்கு மூக்கைத் தொட்டு ஒன்று. குசினியில் இருவரும் உட்கார்ந்து, சத்தமில்லாமல் கையை ஆட்டி, வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நான் போய் நின்றால் சிரிப்பு நின்றுவிடும்.

"என்னா சொல்றா?" என்பேன்.

"ஒன்னுமில்லங்க" என்பாள் பொன்னம்மா.

நானும் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். சோறு, தண்ணீர், தூக்கம் வரை வந்தது. அதற்கு மேல் அவர்கள் வேகத்துக்கு என்னால் போக முடியவில்லை. காமாட்சி பொறுமையாக இரண்டு தடவை காட்டுவாள். புரியவில்லை என்றால் தாயைக் கூப்பிட்டுவிடுவாள்.

அவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு சைகை இருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வட்டமாகப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவது. லொறி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வண்டி பட்டறையில் கிடந்தது. நான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். காமாட்சி தாயிடம் என்னைக் காட்டி, அந்தச் சைகையைச் செய்து, சோறு போடச் சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. அது நான். அப்பா என்பதற்கு அவளிடம் வேறு சைகை கிடையாது.

இப்போது நான் வண்டி ஓட்டுவதில்லை. வீடு எங்களுடையது. காமாட்சி தையல் மெஷினில் வேலை செய்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் என்னிடம் வந்து, காணி வாங்கவா, கடனைச் சீக்கிரம் அடைக்கவா என்று கேட்கிறார்கள். வீடு வாங்குங்கள், கடனைத் தவறாமல் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். எழுதிய காலம் பத்து வருஷமென்றால் பத்து வருஷத்தில் கட்டுங்கள். வீட்டில் ஒருத்தி ஒரு நாள் கேட்டால், அந்த நாளைக் கொடுத்துவிடுங்கள். லோடு மறுபடியும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.