நீர் இறங்கினால் விளையும் நிலம்

தர்பூசணிக்காரர் மனைவியின் தம்பிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு படகின் விலை. மழையும் மலையில் கொஞ்சமாக விழுந்த பனியும் சேர்ந்தாற்போல் மூன்று வருடம் ஏமாற்றியதில் அணை வற்றிப்போனது. மீன் பிழைப்பு நின்றதும் மைத்துனன் படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். அந்தக் காசைத்தான் அக்காவின் முகத்துக்காக, விதைக்கும் டீசலுக்கும் என்று மாமாவிடம் கொடுத்தான்.

மாமாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் மூட்டை தூக்கிய முதுகை வைத்தே மூன்று அறை வீடு கட்டியவர். எந்தப் படிப்பாளி வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தான்? அணை வற்றினால் ஊர் தலையில் கை வைக்கும். இவர் மண்வெட்டியில் கை வைப்பார். தண்ணீர் விலகிய இடத்தில் முழங்கால் அளவு வண்டல் கிடக்கும். அணை அலுவலகத்தில் பருவக் குத்தகை கட்டி, அதில் தர்பூசணி போடுவார். உரம் வேண்டாம், காய் கொழிக்கும்.

"ஊரு காஞ்சாலும் நான் பச்சையா இருப்பேன்" என்பார். குழாயில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் பார்த்தவர்களுக்கு வயிறு எரியாதா?

அந்த வருடம் குளிருக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. பிறகு மலையில் பனி கொட்டியது.

"மாமா, மலையில இடுப்பளவு பனியாம். கரைஞ்சா இங்கதான் வரும். இந்தத் தடவை மேட்டுப் பக்கமா போடுங்க" என்றான் மைத்துனன்.

"போன வருஷமும்தான் பனி விழுந்துச்சு. ஒரு சொட்டு வந்துச்சா? வழியில இருந்த மண்ணே குடிச்சிட்டு ஏப்பம் விட்டுச்சு. உனக்கு மீனத் தெரியும் மாப்பிள்ளை, மண்ண என்கிட்ட விடு."

"போன வருஷம் மண்ணு காஞ்சு கிடந்துச்சு. இப்ப மழை பேஞ்சு ஊறிப்போயில்ல கிடக்கு?"

"அது மழையா? தூறல்."

"அவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்கங்க" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்குப் படகு போன வயித்தெரிச்சல். என் தோட்டம் முழுகினாதான் அவனுக்குத் தூக்கம் வரும்."

மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

வண்டல் தடித்த பள்ளத்திலேயே போட்டார். காயும் சொன்னபடி பெருத்தது. பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது பனி கரைந்தது. மழையிலேயே வயிறு நிறைந்த மண் இனி எதைக் குடிக்கும்? அத்தனையும் ஆற்றில் இறங்கி அணைக்கு வந்தது. விடிந்து பார்த்தால் முதல் வரிசையைக் காணோம். புருஷனும் பெண்டாட்டியும் இடுப்புத் தண்ணீரில் நின்று காயைக் கரைக்கு எறிந்தார்கள். விழுந்து உடைந்தவை உள்ளே வெளுத்திருந்தன. மற்றவை பச்சைப் பந்துகளாக மிதந்து போயின. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் ஊர் கரையில் நின்று கை தட்டியது.

இரண்டு வருடம் அணை நிரம்பி நின்றது. மீன் துள்ளியது. மைத்துனன் அடுத்தவன் படகில் வலை இழுத்தான், அரைக் கூலிக்கு. ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான்.

"இந்த நேரத்துல படகு இருந்தா எனக்குன்னு நாலு காசு பாப்பேன் மாமா."

"இல்லன்னா சொல்றேன்? முழுகின பம்புசெட்டு கிடக்கு, தூக்கிட்டுப் போ."

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காதான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், வந்து புருஷனிடம் பேசாமல் சோறு போடுவாள்.

பிறகு மழை பொய்த்தது. மலையும் இரண்டு குளிருக்கு மொட்டையாகவே நின்றது. அணை இறங்க, வண்டல் தலைகாட்டியது. தர்பூசணிக்காரர் மறுபடி விதைத்தார். வறட்சியில் காய்க்கு நல்ல விலை. விற்ற கையோடு மைத்துனன் வீட்டுக்கு நடந்தார்.

அவன் கூலி வேலையும் போய், படியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"உன் படகுக் காசு, மாப்பிள்ளை."

"இப்பவா? படகு வாங்கி எங்க மாமா விடுறது, உங்க தோட்டத்துலயா?"

ஊருக்கே வாய் காட்டியவர் மடியிலிருந்த பணத்தை அவிழ்த்தார். மைத்துனன் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கையை மட்டும் நீட்டினான். விரித்த அந்தக் கையில் அவர் தாள் தாளாக எண்ணி வைத்தார்.